மீன் தொட்டிக்குப் பின்னால் ஒரு மலை

மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறவன் மீன் விற்கிறான் என்றுதான் ஊர் நினைக்கிறது. உண்மையில் நாங்கள் விற்பது தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரை மறைக்கும் ஒரு படத்தை.

நம்பாதவர்கள் படம் ஒட்டாத தொட்டியைச் சுவரோரமாக வைத்துப் பாருங்கள். உரிந்த பெயிண்ட் தெரியும், கரண்டு வயர் தெரியும், போன வருஷக் காலண்டர் மாட்டிய ஆணி தெரியும். மீன் மட்டும் கண்ணில் படாது. அந்த ஆணியை மறைத்து அங்கே கடலையோ காட்டையோ கொண்டுவருகிறவன் நான். கடை ராஜபாளையத்தில், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். கடையில் உட்கார்ந்து மீன் பிடித்துக் கவரில் போட்டுக் கொடுப்பது என் மனைவி ரூபி. வீடு வீடாகப் போய் ஒட்டுவதும், வெட்டுவதும், பூசுவதும், திட்டு வாங்குவதும் நான்.

அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் எல்லாருக்கும் நான் படும் பாடு புரியும். போன வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் அந்த வீட்டின் சண்டை, சீக்கு, சாவு எல்லாம் நம் காதில் விழுந்திருக்கும். பிறகு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் கேட்காத மாதிரி கிளம்பி வர வேண்டும்.

தாடி

நான் வழக்கமாக ஒட்டுவது ரோல் படம். ஒரு பக்கம் நீலக் கடலும் பவளப் பாறையும், மறு பக்கம் கறுப்பு. கறுப்பு போட்டால் மீனின் நிறம் பளிச்சென்று எடுத்துக் கொடுக்கும். ஆனால் நம் ஊரில் நடுவீட்டில் கறுப்பை ஒட்ட யார் சம்மதிப்பார்கள்? 'வேற ஏதாவது புதுசா' என்பார்கள். இந்தப் புதுசா என்ற வார்த்தைதான் எனக்கு எமன்.

ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற ஒரு வீடு. மகன் மில்லில் சூப்பர்வைசர். காலமான அவருடைய நாயனா படத்தைத் தொட்டி அளவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தார். அதைப் பின்னால் ஒட்டினால் அப்பா எப்போதும் உயிரோட்டமாக இருப்பாராம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்றுக் குமிழ் நிற்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் ஒட்டுவோம். நான் அந்தப் பெரியவர் நெற்றியில் எண்ணெய் தேய்ப்பதை அவர் மனைவி சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் கை கூசியது.

ஜன்னல் வெயில் விழுகிற இடம் அது, தொட்டியை வைக்கவே கூடாது. ஒரே மாதத்தில் கண்ணாடியில் பாசி பிடித்தது. அதுவும் சரியாகத் தாடைப் பக்கம். மகன் வெட்கப்பட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்யவில்லை. அந்த அம்மாதான் செய்தார். "தம்பி, எங்க ஆளுக்குத் தாடி வளந்துருச்சு, வந்து வழிச்சு விட்டுட்டுப் போ."

கண்ணாடியில் வந்த எதிரி

பேண்டேஜ் துணி கம்பெனி முதலாளி ஒருவர் ஃப்ளவர்ஹார்ன் வளர்த்தார். நெற்றி புடைத்த மீன், மகா கோபக்காரன். இன்னொரு மீனைக் கண்டால் கொல்லாமல் விடாது. தொட்டி ரெண்டு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பதிக்கச் சொன்னார். வேண்டாம் முதலாளி, அது தன்னையே பார்த்து இன்னொரு மீன் என்று நினைத்துச் சண்டை போடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பணம் குடுக்கிறது யாரு என்று கேட்டார். பதித்துவிட்டேன்.

நான்கு நாள் முட்டியது. வாய் கிழிந்து, கண் வெளுத்து, ஐந்தாம் நாள் மிதந்தது. அவர் போனில் கத்திய கத்தலில் ரூபி கடை ஷட்டரை இறக்கிவிடலாமா என்று கேட்டாள். நான் போய் நின்றேன். என் வாயில் அப்போது ஒரு வாக்கியம் வந்தது. சென்னை கொளத்தூரில் மீன் வாங்கப் போனபோது ஒரு மொத்த வியாபாரி சொல்லிக் கொடுத்தது. "முதலாளி, மீன் சும்மா சாகாது. இந்த வீட்டுக்கு வர இருந்த ஏதோ ஒண்ணை அது வாங்கிக்கிட்டுப் போயிருக்கு."

மனிதர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். யார் யாருக்குத் தன் மேல் பொறாமை என்று விரல் விட்டு எண்ணினார். மச்சினன் பெயரில் வந்து நிறுத்திக்கொண்டார். வாசல் வரை வந்து வழியனுப்பிச் சொன்னார்: "பாவி கண்ணு வெச்சுட்டான்யா. இதைவிடப் பெருசா ஒண்ணு கொண்டா, அவன் வந்து பாக்கட்டும்."

எல்லாச் சாவுக்கும் ஒரே மருந்து

அதற்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போனது. குழாய்த் தண்ணீரில் மருந்து வாசம் போகும் முன்னால் மீனை விட்டேன், செத்தது. ஜன்னலுக்கு அடிக்கிற சிலிக்கானைத் தொட்டிக்கு அடித்தேன், செத்தது. எல்லா வீட்டிலும் அதே வாக்கியம்தான், கூடவே 'திருஷ்டி' என்று ஒரு வார்த்தையும். ஒருவர்கூட 'நீ என்ன செஞ்சே' என்று கேட்டதில்லை. சில பேர் செத்த மீனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்கள் பக்கம் வேதக்காரர் என்று சொல்கிற கிறிஸ்தவர் வீடுகளில் 'திருஷ்டி' என்று சொல்ல முடியாது. அங்கே 'ஒரு தீங்கு விலகிப் போச்சு' என்று மாற்றிச் சொல்வேன். ரெண்டும் நன்றாகவே வேலை செய்தன.

நாங்களும் வேதக்காரர்கள்தான். ஒரு நாள் கடையில் நான் போனில் இதைச் சொல்லிக்கொண்டிருந்ததை ரூபி முழுசாகக் கேட்டுவிட்டாள். வலையைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "ஞாயித்துக்கெழமை கோயில்ல மொத பெஞ்சுல உக்காருதிய, திங்கக்கெழமை வீடு வீடாப் போயித் திருஷ்டி கழிக்கிதிய. ஏதாவது ஒரு எடத்துலயாவது உண்மையா இருங்க."

செல்வராணி கேட்ட மலை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செல்வராணி கடைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் மாரியப்பன், வத்திராயிருப்பு ரூட்டில் மினி பஸ் ஓட்டியவர். ரெண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மற்ற நாளெல்லாம் முன் அறையில் கட்டில். பொழுதுபோகட்டும் என்று யாரோ சொல்லி, கால்மாட்டில் தொட்டி வைத்து எட்டுத் தங்க மீன் விட்டிருந்தாள். அதற்குப் பின்னால் கடல் வேண்டாம், காடு வேண்டாம், வத்திராயிருப்பு ரோட்டில் போகும்போது பஸ் கண்ணாடி வழியாகத் தெரிகிற மலை வேண்டும் என்றாள். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து போனில் எடுத்த போட்டோ ஒன்று வைத்திருந்தாள்.

எனக்கு அது பிடித்த வேலை. தெர்மாகோலை அடுக்கடுக்காக ஒட்டி, கத்தியால் மலையாகச் செதுக்கி, சூடு காட்டிப் பாறை மாதிரி உருக்கி, அதன் மேல் சிமெண்டுப் பால் பூசிக் கலர் கொடுப்பேன். தொட்டிக்கு உள்ளேயே வைக்கலாம். தொழில் தெரிந்தவன் யாரும் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று இதில் உண்டு. சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்புக் காரம் இறங்கும்வரை அதைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மூன்று வாரம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு மேலே எபாக்ஸிப் பசை பூசித் தண்ணீர் புகாமல் மூட வேண்டும். இல்லையென்றால் மீன் தாங்காது.

"அவிய வியாழக்கெழமை ஆஸ்பத்திரியில இருந்து வாராவ அண்ணே. வரும்போது மலை இருக்கணும்" என்று அவள் தினமும் போன் செய்தாள்; மாரியப்பனை அப்போது மூச்சுத் திணறலுக்காகப் பெட்டில் சேர்த்திருந்தார்கள். எட்டே நாளில், எபாக்ஸியும் பூசாமல் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவள் அவசரத்தைக் காரணம் சொல்கிறேனே தவிர, நிஜம் அது இல்லை. செத்தால் சொல்வதற்குத்தான் வாக்கியம் கையில் இருக்கிறதே என்று என் மனசுக்குள் இருந்தது.

மாரியப்பனைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். முகம் ஊதியிருந்தது. கண் மட்டும் டிரைவர் கண். மலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அந்தக் குட்டி மலையைத் தாண்டுனதும் ரோட்டுல ஒரு வளைவு வரும்லா அண்ணே, அதை விட்டுட்டியளே."

ரெண்டும் ஒரே காலையில்

அடுத்த புதன்கிழமை காலையில் செல்வராணி கூப்பிட்டாள். ஒரு மீன் செத்துவிட்டதாம். போனேன். மாரியப்பன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் கையை விட்டதும் தெரிந்துவிட்டது. தண்ணீர் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கியது. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு. காரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. மலையை அந்த நிமிஷமே வெளியே எடுத்திருக்க வேண்டும். 'தப்பு என் பேரில்தாம்மா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழகிய வாய், பழகியதைச் சொல்லிவிட்டது. "மீன் சும்மா சாகாதும்மா. இந்த வீட்டுக்கு வர இருந்த ஏதோ ஒண்ணை அது வாங்கிக்கிட்டுப் போயிருக்கு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸ் நடக்கும்போதே மாரியப்பனுக்குப் பிரஷர் அடியோடு இறங்கிவிட்டது. நினைவில்லை. டாக்டர் இவளை வெளியே போகச் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண் திறந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டால், காலையிலேயே செத்து விறைத்த மாதிரி மீன் மிதக்கிறது. "ரெண்டும் ஒரே காலையில அண்ணே. அவியளுக்கு வந்ததை இது வாங்கிக்கிட்டுப் போயிருக்கு."

நோஞ்சான் மீன்

அதன்பிறகு வாரா வாரம் பஸ் ஏறி ராஜபாளையம் வந்தாள். ரெண்டு மீன், மூன்று மீன். எதற்கு இப்படிச் சாகிறது என்று அவள் கேட்கவில்லை. ரூபி கேட்டாள். "தண்ணி சேரலை" என்று நான் மழுப்பினேன். ஒரு நடை போய் மலையை எடுத்து வந்து ஊறப்போட எனக்கு ஒரு நாள் போதும். போனால் ஏன் எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அந்த வாக்கியம் பொய் என்று ஆகிவிடும். அவளுக்கு ஆறுதலாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சமாதானமா கிடைக்காது?

ஒரு திங்கட்கிழமை வந்தாள். ரூபி வலையை வைத்து நல்ல துடிப்பான மீனாக ஒன்றைப் பிடித்தாள். செல்வராணி தலையை ஆட்டினாள். கீழே மூலையில் செதில் உதிர்ந்து ஒதுங்கிக் கிடந்த ஒன்றைக் காட்டி, அது வேண்டும் என்றாள். அது சீக்காளி மீன்மா, ரெண்டு நாள் தாங்காது, சும்மா கொடுத்தாலே பாவம் என்று ரூபி சொன்னாள். செல்வராணி கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, ரொம்ப மெதுவாக, அக்கா தங்கச்சி பேசிக்கொள்கிற மாதிரிச் சொன்னாள். "அதான் அக்கா வேணும். நாளைக்கு அவியளுக்கு டயாலிசிஸ். அதுக்குள்ள ஒண்ணாவது போகணும்."

கால்மாட்டில்

அன்றைக்கு ரூபி எதையும் விற்கவில்லை. அவளை அனுப்பிவிட்டு, நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் பூராவும் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை காலை நானே பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

புரட்டாசிச் சனி. செல்வராணி ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, சிவன் மலை இல்லை, பெருமாள் மலைக்கு, நடந்தே போயிருந்தாள். மாரியப்பன் தனியாகக் கிடந்தார். தொட்டியில் ஆறு மீன். ஒன்று தலைகீழாகத் தொங்கியது. நான் உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிமெண்டு, எட்டு நாள், பொய், எல்லாம். அவருக்குச் சிரிப்பு வந்தது. "எது எதனால கெட்டுப்போச்சுன்னு வண்டி ஓட்டுனவனுக்குத் தெரியாதா? மலை வந்த பொறவுதான சாகுது" என்றார்.

"அப்போ ஏன்யா அந்த அம்மாகிட்டச் சொல்லலை?"

"மீன் செத்த அன்னைக்குத்தான் அவ ஒழுங்காச் சாப்பிடுதா. எப்படிச் சொல்ல?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா பாக்குறது நான்தான அண்ணே. பகல் பூரா இதான் எனக்குச் சோலி. மொதல்ல ஓரமா ஒதுங்கும். பொறவு ஒரு பக்கமாச் சாயும். வாய் மட்டும் தொறந்து தொறந்து மூடும். ஒரு மீன் ஒண்ணரை நாள் அப்படியே கெடந்துச்சு. நமக்கும் இப்படித்தான் இருக்கும்போலன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொட்டியைப் பார்த்தேன், அங்கேயும் பார்க்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. "ஒண்ணாவது சாகாமக் கெடக்க வழி இருந்தாப் பாருங்க அண்ணே. எனக்குன்னு நான் கேக்குறது இதுதான்."

திருப்பிக் கேட்கக் கூடாத ஒன்று

மோட்டாரை நிறுத்தி, மீன்களை வாளிக்கு மாற்றி, மலையைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது செல்வராணி வந்துவிட்டாள். கையில் துளசிப் பொட்டலம். எதற்கு எடுக்கிறீர்கள் என்று பதறினாள். இந்தத் தடவை சொல்லிவிட்டேன். மீன் செத்தது திருஷ்டியாலும் இல்லை, யாருக்குப் பதிலாகவும் இல்லை, என் வேலைக் கோளாறு என்றேன். சிமெண்டு என்றேன். தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் தொடவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போகட்டும் ராணி. அந்த வளைவைப் போட்டுக் கொண்டாரச் சொல்லியிருக்கேன்" என்று மாரியப்பன் கட்டிலிலிருந்து சொன்னார். அவர் சொன்னதால் வழிவிட்டாள். நான் மலையைத் தோளில் வைத்து வாசல் இறங்கும்போது பின்னாலேயே வந்தாள். அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கெஞ்சினாள். "டாக்டர் முதக்கொண்டு எல்லாரும் கையை விரிச்சாவ. நீங்க ஒருத்தர்தான் நல்ல வார்த்தை சொன்னிய. குடுத்ததைத் திருப்பிக் கேக்காதீய அண்ணே."

வளைவு

மூன்று வாரம். கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் மலையை முக்கி, மேலே கல்லைத் தூக்கி வைத்து, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினேன். அதுவரை அவர்கள் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீரை மாற்றிவிட்டுக் கடல் படம் ஒட்டியிருந்தேன். கறுப்புப் பக்கம் வெளியே தெரியாமல் மடித்து ஒட்டினேன். அந்த வீட்டில் கறுப்பு எதுவும் தெரியக் கூடாது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

மீன் சாகவில்லை. செல்வராணிக்குக் கிலி பிடித்துவிட்டது. கடைக்கு வந்து மீன் கேட்டால், பின்னால் இருபது தொட்டி நிறைய மீனை வைத்துக்கொண்டு "ஸ்டாக் இல்லம்மா" என்று ரூபி சொன்னாள். என்னைப் பொய் சொல்லாதே என்று சொன்னவள். செல்வராணி வேறு எங்கோ போய் நோஞ்சானாக ஐந்து மீன் வாங்கி விட்டாள். நல்ல தண்ணீரில் அந்த ஐந்தும் தேறிவிட்டன. தலைகீழாகத் தொங்கிய பழைய மீன்கூட நிமிர்ந்துகொண்டது.

குட்டி மலைக்குப் பக்கத்தில் ரோட்டின் வளைவைச் செதுக்கி, எபாக்ஸி ரெண்டு கோட் பூசி, காய வைத்து, கொண்டுபோய் வைத்தேன். மாரியப்பனைத் தலையணை வைத்து நிமிர்த்தினோம். ரொம்ப மெலிந்துவிட்டார். வலது கையை மட்டும் போர்வைக்கு வெளியே எடுத்துக் கொஞ்சம் திருப்பினார். "இப்போ சரி. இப்போ வண்டி திரும்பும்."

பதினொன்று

பத்து நாள் கழித்து செல்வராணி போன் செய்தாள். ஒரு மீனைக் கையால் பிடித்து வெளியே போட்டுப் பார்த்தாளாம். அது தரையில் துள்ளியது. மாரியப்பன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், உள்ளே விடு உள்ளே விடு என்று கத்தினாராம். விட்டுவிட்டாள். அதுவும் பிழைத்துக்கொண்டது. "ஒண்ணும் சாக மாட்டேங்குதே அண்ணே, நான் என்ன செய்வேன்" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போனவர் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் நானும் ரூபியும் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்கப் போனோம். முன் அறையில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டில் கால் இருந்த இடத்தில் தரையில் நாலு வட்டம். தொட்டியை நகர்த்த முடியாததால் அதன் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே ஏர் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த செல்வராணி என்னைக் கண்டதும் எழுந்தாள். அழவில்லை. அந்த மனுஷர் கேட்டுத்தான் செய்தேன், சாகிற மீனை அவரால் பார்க்க முடியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் போய்ச் சேர்ந்தவர் தலையில் பழியைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆகும். ரூபி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

செல்வராணி தொட்டிக்குப் பக்கத்தில் போய் வேட்டியை விலக்கினாள். லைட்டைப் போட்டாள். மலை அப்படியே இருந்தது. வளைவுக்கு முன்னால் தங்க மீன்கள் பளபளவென்று ஓடின. தண்ணீர் அவ்வளவு தெளிவு. என் வாழ்நாளில் அப்படி ஒரு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. அவள் மீனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எண்ணிப் பாருங்க அண்ணே. பதினொண்ணும் இருக்கு."

*

இப்போதெல்லாம் மீன் செத்துப்போச்சு என்று யார் போன் செய்தாலும் 'தப்பு என் பேரில்தான்' என்று முதல் வார்த்தையிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்வரை அந்த வார்த்தையை நம்பத்தான் ஒரு ஆளும் இல்லை.